நாலாம் அறையில் பெட்டி வைத்தவள்

கிடங்கில் எல்லோருக்கும் அவள் ஏணியக்கா. ஆள் நல்ல உயரம், ஒல்லி. போதாததற்குத் தோளில் எப்போதும் ஓர் அலுமினிய ஏணி. இரண்டில் எதைப் பார்த்து அந்தப் பேர் வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவளைவிட மூத்தவரான லோடுமேன் மேஸ்திரியும் அப்படித்தான் கூப்பிடுவார். "ஏண்ணே, நான் உங்களுக்கு அக்காவா?" என்று கேட்டால், "வயசுக்கு இல்லம்மா, உசரத்துக்கு மரியாதை" என்பார்.

அந்தக் குளிர்பதனக் கிடங்குக்கு அவள் முதலில் வந்தது மிளகாய் வற்றல் பொறுக்கத்தான். நெடி ஏறித் தும்மித் தும்மி ஒரு வருஷம் ஓடியது. ஒரு நாள் வயர்மேனுக்கு ஏணி பிடிக்க ஆள் இல்லை. இவள் போய்ப் பிடித்தாள். இன்னொரு நாள் வயர்மேனுக்கு முழங்காலில் பிடிப்பு. அவர் பிடித்தார், இவள் ஏறினாள். கடவுள் ஒருத்தரைத் தூக்கிவிட நினைத்தால் இன்னொருத்தர் முழங்காலைக்கூட விட்டுவைக்க மாட்டார் போலிருக்கிறது. அன்றைக்கு ஏறியவள் பிறகு மிளகாய்ப் பக்கம் இறங்கவே இல்லை.

பல்பு மாற்றினாள், விசிறி துடைத்தாள், கதவு ரப்பர் ஒட்டினாள். அப்புறம்தான் சென்சார் பெட்டி வந்தது.

அதற்கு முன்னால் அறையின் குளிரைப் பார்க்க ஓர் ஆள் உள்ளே நடக்க வேண்டும். மூட்டைகளுக்கு நடுவே ஒரு சந்து விட்டிருப்பார்கள். கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் வெப்பமானியோடு, பல் தந்தியடிக்க அந்தச் சந்தில் போய்வர வேண்டும். அந்த ஆளுக்கு வருஷம் முழுக்கச் சளி. புதுசாக வந்த பெட்டிகளோ சோப்பு டப்பா அளவுதான் இருந்தன. பெட்டிக்குப் பெட்டி வயர் கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் தான் இருக்கிற இடத்தின் குளிரையும் ஈரத்தையும் பார்த்துப் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். மேஸ்திரியின் ஆட்கள் வரிசையாக நின்று மூட்டையைக் கை மாற்றுகிற மாதிரி, சேதி பெட்டிக்குப் பெட்டி கை மாறி வாசலில் இருக்கிற தலைப்பெட்டிக்கு வந்து சேரும். அங்கிருந்து மேனேஜர் அறைக் கம்ப்யூட்டருக்குப் போகும். எங்கே சூடு ஏறுகிறது என்று மேனேஜர் டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிகளை எங்கே வைப்பது? கூடை கூடையாகக் கொடுத்தால் குழந்தைகூட வைத்துவிடும். பெட்டி செய்கிற கம்பெனி கொடுத்தது கொஞ்சம், அறையோ தேர் ஓடுகிற அளவு. கிட்டக் கிட்ட வைத்தால் இரண்டும் ஒரே சேதியைச் சொல்லும், ஒன்று வீண். தள்ளித் தள்ளி வைத்தால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குக் கேட்காது. அப்போது இரண்டும் வீண். எந்த மூலையும் கண் இல்லாமல் போகக் கூடாது, எந்தப் பெட்டியும் காது கேட்காமல் போகக் கூடாது, கையில் இருக்கிறதை வைத்தே சமாளிக்கவும் வேண்டும்.

இதற்குக் கணக்குப் போட கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் பொண்ணு வந்தாள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அறையின் படத்தின் மேல் வட்டம் வட்டமாகப் போடுவாள். ஒவ்வொரு வட்டமும் ஒரு பெட்டியின் குரல் போகிற தூரம். அவள் வட்டம் போட, ஏணியக்கா ஏறி வைக்க, முதல் மூன்று அறைகளும் ஒழுங்காக முடிந்தன. மிளகாய் வற்றல் ஓர் அறை, பருப்பு ஓர் அறை, கொத்தமல்லி விதை ஓர் அறை. மூன்றிலும் பெட்டி சுவரில், நெஞ்சு உயரத்தில். பேச்சு கேட்டால் பச்சை, கேட்காவிட்டால் சிவப்பு; மூன்றிலும் எல்லாப் பெட்டியும் பச்சை விளக்குக் காட்டிற்று.

"நாலாம் ரூம்ல நீங்களே வைங்கக்கா. எங்க வச்சீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க, நான் வட்டம் போட்டுச் சரிபார்த்துக்கறேன்" என்றாள் அந்தப் பொண்ணு.

"நானா? கண்ணு, நான் ஏணி ஏறுற ஆளு."

"ஏறுறவங்களுக்குத்தானே எடம் தெரியும்?"

நாலாம் அறைதான் கிடங்கிலேயே பெரிசு. விதை உருளைக்கிழங்கு வைக்கிற அறை.

அன்றைக்கு வீட்டில் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவளாவது பரவாயில்லை, வீட்டுக்காரரை யாராலும் பிடிக்க முடியவில்லை. அவர் டெய்லர், வீட்டின் முன்னறைதான் கடை. அளவு கொடுக்க வந்த ஆள் யாராக இருந்தாலும் சேதியைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"கையைத் தூக்குங்க சார். ஒரு ரூமையே எங்க வீட்டுல கையில கொடுத்திருக்காங்க. இப்ப இறக்குங்க. சாதா ரூம் இல்ல சார், இருக்குறதுலயே பெரிய ரூம். மூச்ச இழுக்காதீங்க, தொப்பை இருக்குறபடி இருக்கட்டும்."

உள்ளே தோசைக்கல்லோ குழம்புச் சட்டியோ தீய்ந்தாலும் அவர் காதில் ஏறாது. "ஏங்க, ஊசி குத்திக்கப் போறீங்க, வேலையப் பாருங்க" என்று அவள் அதட்டுவாள். அதட்டுகிற குரலிலும் சந்தோஷம் வழிந்துவிடும்.

அப்போதுதான் நாத்தனாரின் போன் வந்தது. நாத்தனாரும் அவள் புருஷனும் துண்டு நிலத்தில் கிழங்கு போடுகிறவர்கள். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை.

"அண்ணி, போன வருஷம் கடைசில வந்தோம்னு உங்க கிடங்குல எங்கள திருப்பி அனுப்பிட்டாங்க. விதையக் கட்டிலுக்கடியில போட்டு வச்சோம். பாதி முளைச்சுக் கெட்டுப்போச்சு, பாதி நிலம் சும்மா கெடந்துச்சு. இந்த வருஷமும் கட்டிலுக்கடிதானா? சொல்லிடுங்க, இப்பவே கட்டில ஒசத்திக்கறோம்."

"இந்த வருஷம் நடுச்சந்து கிடையாது. பெட்டியே பாத்துக்கும், ஆள் நடக்க வேண்டாம். அந்தச் சந்து பூரா சின்ன விவசாயிங்களுக்குன்னு மேனேஜரே சொல்லிட்டாரு. கொண்டாங்க."

"பெட்டி வைக்கிறது யாரு?"

"நான்தான்."

நாத்தனார் வாயடைத்துப் போனது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்காரர் பின்னால் பல பேரிடம் சொன்னார்.

அவள் நாலாம் அறையில் பெட்டி வைத்த அழகைச் சொல்ல வேண்டும். காலி அறை, தரை கழுவித் துடைத்தது போல் இருந்தது. ஏணியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, சுவரில் கொக்கி ஒட்டி, நெஞ்சு உயரத்தில் ஒவ்வொன்றாக மாட்டினாள். அந்தச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அடித்தால் குளிர் கசியும். ஒன்றை மாட்டுவாள், திரும்பிப் பார்ப்பாள், பக்கத்துப் பெட்டி பச்சை காட்டினால் அடுத்ததற்குப் போவாள். சிவப்புக் காட்டினால் ஒரு முழம் கிட்டக் கொண்டுவருவாள். கடைசிப் பெட்டியும் பச்சை ஆனபோது அறை முழுக்க மின்மினி உட்கார்ந்தது மாதிரி இருந்தது. கண்ணை மூடி, "சாமி, காப்பாத்திட்ட" என்றாள். சாமியும் அவசரப்பட்டு ஒன்றும் பதில் சொல்லவில்லை.

கிழங்கு வர ஆரம்பித்தது. பெரிய விவசாயிகளின் லாரிகள் முதலில் வரும், சின்னவர்களின் வண்டிகள் கடைசியில் வரும். அது உலக வழக்கம். மேஸ்திரியின் ஆட்கள் பின்சுவரிலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தார்கள். குளிர் காற்று சுற்றிவர, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மேனேஜர் மட்டும், "எதுக்கும் சந்த இப்போதைக்கு விட்டு வைங்க, கடைசில அடைச்சுக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

அடுக்கு இடுப்பளவு வந்தபோது ஒரு பெட்டி சிவப்பானது. பேட்டரி போலிருக்கிறது என்று நினைத்தாள். அடுக்கு தோளளவு வந்தபோது பின்சுவரில் இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் அணைந்தன. ஆளுயரம் தாண்டியபோது பாதி அறை ஊமை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

மேனேஜர் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் தலைவலிக்காரர். நெற்றியில் எப்போதும் தைலம் பளபளக்கும்.

"என்னம்மா இது? பாதி அறை இருட்டு. உள்ளே கிழங்கு சூடேறினா எனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துச் சரி பண்றேன் சார்."

"நாளைக்குச் சாயங்காலம் கதவ சாத்தியாகணும். அதுக்குள்ள எல்லாப் பெட்டியும் பேசினா சந்த அடைப்போம். பேசலன்னா பழையபடி சந்து இருக்கட்டும், ஆள் நடக்கட்டும். சின்ன விவசாயிங்க மூட்டைய எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன். நான் என்ன பண்ண, சொல்லு? ஒருத்தருக்குப் பாவம் பாத்து அறையே அழுகிப்போனா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. வெளியே வந்தால் முற்றத்தில் சின்ன விவசாயிகளின் வண்டிகள் வரிசையாக நின்றன. மூட்டைகளின் மேல் வெயில் படாமல் ஓலைப்பாயும் பழைய போர்வையும் போட்டிருந்தார்கள். வரிசையில் முதல் வண்டியின் நிழலில் நாத்தனார் முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, உங்க வார்த்தைய நம்பித்தான் வேற கிடங்குல எடம் கேக்கல. இப்ப என்னமோ பெட்டிக்கு வாய் அடைச்சுப்போச்சுன்னு பேசிக்கறாங்களே?"

"சரி பண்ணிடுவோம்."

"பண்ணிடுங்க. இல்லன்னா மூட்டை எல்லாம் உங்க வீட்டுக் கட்டிலுக்கடியிலதான் எறங்கும். அண்ணன் மிஷின நடுத்தெருவுல போட்டுத் தைக்கட்டும்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவினது தண்ணீரால் மட்டும் இல்லை.

சேதி போனதும் இன்ஜினியர் பொண்ணு மதியமே வந்துவிட்டாள். இரண்டு பேரும் பேட்டரியை மாற்றிப் பார்த்தார்கள். தலைப்பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பெட்டியில் கோளாறு இல்லை. மற்ற மூன்று அறைகளும் மேல்முட்ட நிறைந்து கிடக்கின்றன. அங்கே எல்லாம் பேசுகின்றன. அதே பெட்டி, அதே சுவர், அதே நெஞ்சு உயரம்.

ஏணியக்கா ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனாள். சிவப்பு. இன்னும் உள்ளே போனாள். சிவப்பு. அறையின் கடைசியில் ஏணியைப் போட்டு ஏறினாள், மேலிருந்து பார்த்தாலாவது ஏதும் தெரியுமா என்று. அடுக்கின் தலைக்கு மேல் கை போனதும் பெட்டி பச்சை காட்டியது. இறங்கினாள், சிவப்பு. ஏறினாள், பச்சை. மறுபடி இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

"என்னக்கா, ஊஞ்சல் ஆடுறீங்களா?" என்று கேட்டார் மேஸ்திரி, தோளில் மூட்டையோடு.

"கொஞ்சம் சும்மா இருங்கண்ணே. கண்ணு, இங்க வந்து பாரேன்!"

அந்தப் பொண்ணு ஓடிவந்து பார்த்தாள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. பெட்டியையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த மூணு ரூம்லயும் என்ன இருக்கு?"

"வத்தல், பருப்பு, மல்லி."

"எல்லாம் காஞ்சது. இந்த மூட்டையில?"

"கிழங்கு."

"கிழங்குக்குள்ள?"

"கிழங்குக்குள்ள கிழங்குதான் இருக்கும், வேற என்ன இருக்கும்?"

"தண்ணி அக்கா. முக்கால் பங்குக்கு மேல தண்ணி. பெட்டியோட பேச்சு காத்துல போகும், காஞ்ச பொருள்ல போகும். தண்ணியில மாட்டினா முழுகிப்போயிடும். நாம பெட்டி எல்லாத்தையும் ஒரு ஏரிக்கு அடியில வச்சுட்டு, பேசு பேசுன்னு அதட்டிக்கிட்டு இருக்கோம்." அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "நான் போட்ட வட்டமெல்லாம் காலி அறைக்குப் போட்ட வட்டம். என்ன வைக்கப் போறாங்கன்னு நானும் கேக்கல."

"நானும்தான் சொல்லல கண்ணு. மூணு ரூம் சரியா வந்ததும் நாலாவதும் அதே வழின்னு நெனச்சுட்டேன்."

ஆள் வராத மண்டபத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஊரே வந்து உட்கார்ந்த பிறகு கேட்கவில்லை என்று தவித்த மாதிரிதான் இதுவும். ஆனால் பழியை ஒருத்தர் தலையில் ஒருத்தர் போடவில்லை. ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். பாதிச் சுமை எப்போதும் தூக்கக்கூடியதாகத்தான் இருக்கும்.

வாசல் படியில் உட்கார்ந்து யோசித்தார்கள். அடுக்கின் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்கிற உயரம் இருக்கிறது. அங்கே மூட்டை எப்போதும் போகாது. காற்று ஓடுகிற வழி. பெட்டியை அங்கே தொங்கவிட்டால் பேசும். ஆனால் சூடு தெரிய வேண்டியது மூட்டைக்குள் அல்லவா?

"பெட்டிக்கு ஒரு வால் இருக்கே" என்றாள் ஏணியக்கா.

இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மெல்லிய வயர் சுருட்டி வைத்திருந்தது. நுனியில் மிளகு அளவு ஒரு மணி. குளிரைப் பார்க்கிறது அந்த மணிதான். சுவரில் மாட்டும்போது தேவைப்படாததால் யாரும் அதைப் பிரிக்கவே இல்லை. வாயை மேலே வைத்து, வாலைக் கீழே மூட்டைக்குள் விட்டால்?

இன்ஜினியர் பொண்ணு கம்ப்யூட்டரைத் திறந்து புதுசாக வட்டம் போட்டாள். போடப் போட அவள் முகம் மலர்ந்தது. "அக்கா, மேலே தடையே இல்ல, பேச்சு ரொம்ப தூரம் போகும். முன்ன வச்ச அளவுகூட வேண்டாம். பெட்டி மிச்சமாகுது!"

"மிச்சத்த என்ன பண்றது?"

"வாசல்ல வைக்கணும். எல்லாப் பெட்டியோட சேதியும் தலைப்பெட்டிக்கு முன்ன இருக்குற வாசல் பெட்டி வழியாத்தானே வெளிய போகுது? அதுக்குத்தான் பேட்டரி சீக்கிரம் தீரும். அது செத்தா, உள்ள எல்லாம் நல்லா இருந்தும் பிரயோசனம் இல்ல."

"ஆமா, தெருமுனை வீட்டுக்காரங்க கதைதான். தெருவுக்கு வர்ற அத்தனை பேரும் அவங்க கதவத்தான் தட்டி வழி கேப்பாங்க." அவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "அப்ப வாசல்ல மூணு வைப்போம். முறை வச்சுப் பேசட்டும். கதவ லேசாத் திறந்து கைய விட்டாலே எட்டுற எடத்துல வச்சுடறேன். பேட்டரி மாத்த அறையத் திறந்து போட வேண்டாம்."

"இது என் வட்டத்துல வராதுக்கா" என்று சிரித்தாள் அந்தப் பொண்ணு.

தொங்கவிடுவதில் ஒரு சிக்கல். கூரையில் கொக்கி ஒட்டாது, ஈரத்தில் விழுந்துவிடும். குளிர்க்குழாய்கள் ஓடுகின்றன, அவற்றில் கட்டலாம்; ஆனால் குழாய் இரும்பு, இரும்போடு ஒட்டினால் பேச்சு மங்கும். கம்பியிலும் கட்டக் கூடாது. ஏணியக்கா அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், அளவு நாடாவோடு நின்றிருந்த வீட்டுக்காரரிடம் சொன்னாள்:

"ஏங்க, சோப்பு டப்பா போற மாதிரி துணிப் பை தைக்கணும். ரெண்டு பக்கமும் நீள நாடா. பை குழாய்லேருந்து ஒரு சாண் கீழ தொங்கணும். விளக்கு தெரிய ஒரு ஓட்டை."

"எத்தனை?"

"ஒரு கூடை."

"ஓட்டைய வெட்டி விடவா, காஜா போடவா?"

"ரூமுக்குள்ள யாருங்க வந்து பாக்கப் போறாங்க?"

"நான் தைச்சது எங்க போனாலும் காஜாவோடதான் போகும்" என்று மிஷினில் உட்கார்ந்தார். கல்யாணச் சட்டைகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன.

மறுநாள் காலை விசிறியை நிறுத்தினார்கள். அவள் கோட்டைப் போட்டு, பைகளைக் கழுத்தில் மாலைபோல் கோத்துப் போட்டுக்கொண்டு, ஏணியின் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். "சாமி, எனக்காகக் கேக்கல. முத்தத்துல நிக்கிற விதைக்காகக் கேக்கறேன்." ஏறினாள்.

முதல் வேலை, சுவரில் மாட்டிய பெட்டிகளைத் திரும்ப எடுப்பது. மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான். அடுக்கின் மேல் குப்புறப் படுத்து, பழம் பறிக்கிற துரட்டியை அந்த இடுக்கில் விட்டு, கொக்கியிலிருந்து பெட்டியை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தாள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி பொறுமையாக. ஒரு பெட்டி வழுக்கி அடியில் விழுந்தது. "போனது போகட்டும், மிச்சம் இருக்கு!" என்று கீழிருந்து இன்ஜினியர் பொண்ணு கத்தினாள்.

அப்புறம் தவழ்ந்து தவழ்ந்து பை கட்டினாள். மூட்டைக்கு மூட்டை இடுக்குப் பார்த்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் வாலைச் செருகி உள்ளே இறக்கினாள். விரல்கள் மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டாள். மேஸ்திரி கீழே ஆட்களை நிறுத்திவைத்துவிட்டு, மூட்டைகளைப் படிபோல அடுக்கி அவள் இறங்கி ஏற வழி செய்தார்.

"அண்ணே, உங்க ஆளுங்களுக்கு வேல நிக்குது."

"நிக்கட்டும். ஏணியே மேல ஏறி வேல செய்யறப்ப மனுசன் நின்னு பாக்க வேண்டாமா?"

வீட்டுக்காரர் மீதிப் பைகளைக் கொண்டுவந்தார். மனைவி உயரத்தில் வேலை செய்வதை அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை. அறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரைக்கடியில் வயிற்றால் ஊர்ந்துகொண்டு, வாயில் நாடாவைக் கவ்விக்கொண்டு, ஒரு கையால் முடிச்சுப் போடுகிற அவளைப் பார்த்தார். ஊரெல்லாம் பேசிய மனுஷர், "பாத்து" என்றார், அவ்வளவுதான். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

மாலைக்குள் எல்லாம் கட்டி முடிந்தது. விசிறியை ஓட விட்டார்கள். மேனேஜர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் கூட்டம். ஒன்று, இன்னொன்று, அடுத்தது என்று பச்சை பூத்துக்கொண்டே வந்தது. எல்லாம் வந்தும் பின்மூலையில் ஒன்று மட்டும் சிவப்பு.

"வட்டம் சரியாத்தான் இருக்கு" என்றாள் இன்ஜினியர் பொண்ணு. "ஏன் கேக்கலன்னு தெரியலக்கா."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். முற்றத்தில் வண்டி மாடு மணியாட்டியது. நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

ஏணியக்கா கண்ணை மூடி அந்த மூலையை நினைத்துப் பார்த்தாள். தவழ்ந்து போனபோது முழங்கை எதில் இடித்தது? விசிறியின் இரும்புக் கூண்டில். இரும்பு பேச்சை மறைக்குமே. பையை அதற்குப் பின்னால் கட்டியிருக்கிறாள்.

"கண்ணு, உன் படத்துல விசிறி இருக்கா?"

"விசிறி... இல்லக்கா. சுவரும் குழாயும்தான் இருக்கு."

ஏணியக்கா கோட்டை மாட்டினாள். மறுபடி விசிறி நின்றது. மறுபடி ஏறினாள். கூண்டைத் தாண்டி ஒரு கை நீளம் முன்னால் பையை மாற்றிக் கட்டினாள். கட்டி முடிக்கும் முன்னாலேயே காஜா ஓட்டைக்குள் பச்சை எரிந்தது. கீழே மேனேஜர் அறையிலிருந்து வந்த கூச்சல் அந்தத் தடிச் சுவரைத் தாண்டி அவளுக்குக் கேட்டது.

மேனேஜர் வெளியே வந்து மேஸ்திரியைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: "அடைங்க."

சந்து நிறைந்தது. நாத்தனாரின் மூட்டைகள் போயின, அவளுக்குப் பின்னால் நின்றவர்களின் மூட்டைகள் போயின, கடைசி வண்டியில் ஒரு கிழவர் கொண்டுவந்த சில மூட்டைகளும் போயின. மூட்டை போகப் போக ஏணியக்கா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விளக்கும் நிறம் மாறவில்லை.

"நான் அப்பவே இவங்ககிட்டச் சொன்னேன்" என்று நாத்தனார் முற்றத்தில் நின்றவர்களிடம் ஆரம்பித்தாள். "எங்க அண்ணி இருக்குறப்ப என்ன பயம்னு."

"எப்பம்மா சொன்ன?" என்றார் அவள் புருஷன்.

"மனசுல சொன்னேன். உங்களுக்குக் கேக்கலன்னா நான் என்ன பண்ண?"

கடைசி வண்டிக் கிழவர் தயங்கித் தயங்கி மேனேஜர் அறை வாசலுக்கு வந்தார். "என் மூட்டை எதுங்க?" என்று கேட்டார். ஏணியக்கா திரையில் ஒரு பச்சைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கி அதையே பார்த்தார். கைகூப்பினார். புள்ளிக்கா அவளுக்கா என்று தெரியவில்லை. அவள் அவசரமாக அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

நடவுக் காலத்தில் அறையைத் திறந்தபோது கிழங்குகள் கண் விழிக்காத குழந்தை மாதிரி முளைவிடாமல் தூங்கிக்கொண்டிருந்தன. நாத்தனார் வீட்டு நிலத்தில் ஒரு பாத்தியும் சும்மா கிடக்கவில்லை. கம்பெனி ஏணியக்காவை வேறோர் ஊரில் புதிதாகக் கட்டிய கிடங்குக்கு அனுப்பியது, பெட்டி வைக்க. ஏணி பிடிக்க அங்கே ஆள் கொடுப்பதாகச் சொன்னார்கள். இன்ஜினியர் பொண்ணும் கூடவே போனாள்.

புதுக் கிடங்கு மேனேஜர் வாசலுக்கே வந்து நின்றார். "வாங்க மேடம், வாங்க. அறை காலியா சுத்தமா இருக்கு. எங்க எங்க கொக்கி ஒட்டணும்னு சொன்னீங்கன்னா..."

"கொக்கி இருக்கட்டும் சார்" என்றாள் ஏணியக்கா. "இந்த ரூம்ல என்ன வைக்கப் போறீங்க, அத முதல்ல சொல்லுங்க."

"தர்பூசணிங்க. கூரை வரைக்கும்."

இன்ஜினியர் பொண்ணு சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏணியக்கா சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணாந்து கூரையைப் பார்த்து, குழாய் எங்கே ஓடுகிறது, விசிறி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.